மாலை தாங்காத கைப்பிடி

நைனா,

இன்று காலை உங்கள் படம் கீழே விழுந்தது. தம்பி சந்தையிலிருந்து வாங்கி வந்த சாமந்தி மாலை, அடியில் ரோஜாக் குஞ்சலம் வைத்தது, பூக்காரி தண்ணீர் தெளித்து நன்றாகக் கனக்க வைத்திருந்தாள். அதைப் படத்தின் மேல் போட்டுவிட்டுத் தம்பி ஜெபத்துக்குக் கண்ணை மூடினான். நான் மூடவில்லை. ஆணி மெதுவாகக் குனிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிடித்திருக்கலாம், எட்டும் தூரம்தான். மாலை உங்களையும் இழுத்துக்கொண்டு தரைக்கு வந்தது.

"இன்னாக்கா இது, ஒரு மாதிரியா கீதே" என்று பதறினான்.

"ஒரு மாதிரியும் இல்ல. ஒத்த ஆணி. யார் அடிச்சது அது?"

நீங்கள்தான் அடித்தீர்கள். அம்மாவின் படத்துக்காக அடித்தது, பிறகு அதில் உங்களை மாட்டினோம். அன்றைக்கே இரண்டாக அடி என்று சொன்னேன். "ஒத்த ஆணி போதும். பீரோ பண்ணவனுக்கே ஆணி அடிக்கக் கத்துத் தரியா?" என்றீர்கள். இப்போது கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பது நான். நீங்கள் அடித்ததையெல்லாம் பொறுக்குவது என் வேலை என்று எப்போது எழுதிவைத்தார்களோ தெரியவில்லை.

எழுத்தில் 'நீங்கள்' என்கிறேன். நேரில் 'நீ' என்றுதான் பேசினேன். நம் பக்கத்தில் அப்பாவை நைனா என்று கூப்பிடுகிற எல்லோரும் அப்படித்தான். 'நீ'யில் ஒரு ஒட்டுதல் இருக்கிறது. அதனால்தான் இங்கே 'நீங்கள்'.

நனைந்த சாமந்தி வாசனை வந்தாலே எனக்குத் திருப்பதியில் அந்தக் குளிர்ந்த அறை ஞாபகம் வந்துவிடும். எண்பதுகளின் நடுவில், கம்ப்யூட்டர் என்றால் நம் சித்தூர்க்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்த காலம். மிஷன் காம்பவுண்டுக்குப் பின்னால் நம் பட்டறை. கல்யாணச் சீருக்குப் போகும் இரும்பு பீரோதான் தொழில். உங்கள் பீரோக் கதவு மூடும் சத்தம் நன்றாக இருக்கும். அதை மறுக்க மாட்டேன். அதைத் தவிர உங்களிடம் நன்றாக இருந்தது உங்கள் வாய்.

அந்த வாயால்தான் திருப்பதி ஆர்டரைப் பிடித்தீர்கள். அங்கே ஓர் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வருகிறது, பெட்டிகளைக் கம்பெனி அனுப்பும், அவற்றை அடுக்கும் ரேக்கை உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம் என்றார்கள். ரேக் என்றால் கதவில்லாத பீரோ என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். அது அப்படியல்ல. ஆள் உயரத்துக்கும் மேலே போகும் சட்டம். அதில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் இரண்டு பக்கமும் ரெயிலில் உட்கார்ந்திருக்கும். பழுது பார்க்க வேண்டுமானால் மேஜை டிராயரைப் போல முன்னால் இழுக்கலாம். இழுக்காதபோது வரக் கூடாது. அதற்குத்தான் தாழ்ப்பாள். டிஸ்க் வைத்த பெட்டி இரண்டு ஆள் தூக்கும் கனம். அது தானாக வெளியே வந்தால் ஒயரைப் பிய்த்துக்கொண்டு, கீழே இருப்பவன் மேல்தான் விழும்.

நான் அப்போது திருப்பதியில் டிப்ளமா முடித்துவிட்டுப் பட்டறையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தேன். தாழ்ப்பாளை எத்தனையோ விதமாக வரைந்து கிழித்துப் போட்டு, கடைசியில் ஒன்று பிடிபட்டது. பெட்டியின் முகப்பில் இடது பக்கம் ஒரு பிடி, வலது பக்கம் ஒரு பிடி. இரண்டையும் ஒரே சமயத்தில் மேல் நோக்கித் தூக்கினால்தான் பெட்டி விடுபடும். ஒன்றை மட்டும் தூக்கினால் அசையாது. கீழே அழுத்தினால் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பெட்டி விடுபடும் நேரத்தில் இழுப்பவனின் இரண்டு கையும் பெட்டியில் இருக்கும். எந்தக் கையும் அடியில் மாட்டாது. அதோடு ரெயிலின் முனையில் இன்னொரு தடுப்பு. அதை வரைந்து முடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நீங்கள் அந்த வரைபடத்தின் மேல் டீ கிளாஸை வைத்தீர்கள்.

"ரெண்டு கையால தெறக்கணுமா? இன்னா இது, ஜெயிலா? தெறக்கறவன் விரல் நோவக் கூடாது. ஒத்த விரல்ல இப்படி அமுக்கினா, அப்படி வரணும். அப்பதான் அடுத்த ஆர்டர் வரும்."

"நைனா, கீழ அமுக்கினா தெறக்கறமாதிரி வெக்காதே. நம்ம வூட்டு பீரோப் பிடியில இன்னா தொங்குது பாரு."

அதில் உங்கள் குடை தொங்கியது. அம்மாவின் ஒயர் கூடை தொங்கியது. அதன் மேல் உங்கள் துண்டு.

"தொங்கினா இன்னா? தெறந்துக்குச்சா?"

"அதுல பூட்டு இருக்குது. இதுல பிடிதான் பூட்டு. நம்ம ஜனம் பிடின்னு ஒண்ணு கண்டா எதையாவது மாட்டாம இருக்காது."

"கம்ப்யூட்டர் ரூம்ல எவன் ஒயர் கூடை மாட்டப் போறான்? கல்யாணம் ஆவறவரைக்கும் பொழுது போகட்டும்னு படிக்க வெச்சா, எனக்கே புத்தி சொல்லிக்கினு..." என்று எழுந்துவிட்டீர்கள்.

பீரோவுக்குப் போடும் அதே பளபளப்பான கைப்பிடியைத்தான் எல்லாப் பெட்டிக்கும் போட்டீர்கள். கீழே அழுத்தினால் திறக்கும். ரெயிலை முன்பக்கம் துளி சாய்த்து, கிரீஸ் தடவித் தடவி வழுக்கவிட்டீர்கள். முனையில் நான் வைத்த தடுப்பு, இழுக்கும்போது 'டக்'கென்று தட்டி அழகைக் கெடுக்கிறது என்று அதையும் வெட்டச் சொன்னீர்கள். ஃபிட்டர் முனிரத்தினம் அண்ணன்தான் வெட்டினார். பிச்சாட்டூர்ப் பக்கத்துக்காரர், நம் பட்டறையில் என் சின்ன வயதிலிருந்து இருப்பவர். வெட்டுவதற்கு முன் என்னைப் பார்த்தார். நான் உங்களைக் காட்டினேன். கைப்பிடிகள் கீறாமல் இருக்கக் காகிதம் சுற்றினீர்களே, அது என்ன காகிதம் என்று பார்த்தீர்களா? என் வரைபடம். உங்கள் கைப்பிடிகள் திருப்பதிக்கு என் தாழ்ப்பாளைப் போர்த்திக்கொண்டுதான் போயின.

திறப்பு விழா அன்று நீங்கள், நான், முனிரத்தினம் அண்ணன் மூன்று பேரும் காலை பஸ்ஸில் போனோம். சபையில் நீங்கள் மூப்பர். அடுத்த வீட்டுப் பொங்கலைக் கையால் தொட மாட்டீர்கள், எங்களையும் தொட விட மாட்டீர்கள். அப்படிப்பட்டவர் திருப்பதியில் இறங்கியதும் நேராகப் பூக்கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய மாலையாகக் கேட்டு வாங்கினீர்கள். கம்ப்யூட்டருக்குப் பூஜை என்று கேள்விப்பட்டுவிட்டீர்கள். "ஆபீசர் மனசு குளிரணும்" என்றீர்கள். மாலையை நான் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் எந்த இயந்திரத்துக்கு மாலை விழவில்லை? லாரிக்கு விழும், லேத்துக்கு விழும், தையல் மெஷினுக்கு விழும். அது தெரியாதவன் இங்கே இயந்திரம் செய்யக் கூடாது. உங்களுக்குத் தெரியும். ஆர்டருக்காக உங்கள் வேதத்தைக்கூட மடித்து வைக்கத் தெரிந்த உங்களுக்கு, அந்த மாலைக்கு எடை உண்டு என்று மட்டும் தெரியவில்லை.

அலுவலகத்தில் எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனோம். பூஜைக்கும் ஆயிற்று, தூசி வராமலும் ஆயிற்று. மேனேஜர் ஓர் அம்மாள், தெலுங்குக்காரர், அதிகம் பேசாதவர். தேங்காயை வாசலிலேயே உடைத்தார்கள். பெட்டிகளுக்குக் குங்குமம் வைத்தார்கள். நீங்கள் மாலையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனீர்கள். ரேக்கின் தலை உயரமாக இருந்தது, எட்டவில்லை. சுற்றிலும் பார்த்தீர்கள். மார்பளவில் இருந்த டிஸ்க் பெட்டியின் பளபளப்பான கைப்பிடியில் மாட்டிவிட்டு, இரண்டு கையும் கூப்பித் திரும்பி மேனேஜர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே பெட்டி உங்களுக்குப் பின்னால் புறப்பட்டது. சத்தமே இல்லை, அவ்வளவு கிரீஸ். முனிரத்தினம் அண்ணன்தான் பார்த்தார். உங்களை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டுப் பெட்டியைத் தாங்கப் போனார். அது ரெயில் முனையைத் தாண்டி, அவர் கையை மீறி, மூலையோடு அவருடைய வெறுங்காலில் விழுந்தது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒருவர் ஜீப் கொண்டுவர ஓடினார். இரண்டு பேர் பெட்டியைத் தூக்கி நகர்த்தி, அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மேனேஜர் அம்மா உங்களைப் பார்த்து, "எவரிதி தப்பு?" என்றார். தப்பு யாருடையது என்று கேட்டார், அவ்வளவுதான்.

உங்கள் தெலுங்கு எப்போதும் தட்டுத் தடுமாறும். பொய் சொல்லும்போது மட்டும் திருத்தமாக வரும். "தாகி வச்சாடு மேடம்" என்றீர்கள். குடித்துவிட்டு வந்திருக்கிறான், சரியாக மாட்டவில்லை, இனி இவனை வேலைக்கு வைக்க மாட்டேன் என்றீர்கள்.

முனிரத்தினம் அண்ணனுக்குத் தெலுங்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். காலைப் பிடித்துக்கொண்டே நிமிர்ந்தார். "அண்ணா, நான் குடிக்க மாட்டனே. ஒனக்குத் தெரியாதா?" என்றார். கால் வலியில்கூடக் கலங்காத கண் அப்போது கலங்கியது. நீங்கள் சுவரில் இருந்த ஏ.சி. சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களைத் தள்ளிவிட்டுக் காப்பாற்றிய ஆள், நைனா. அந்த நொடியில் உங்கள் மேல் எனக்கு இருந்த மரியாதை மொத்தமாகப் போனது. பிறகு அது திரும்பவே இல்லை.

நான் தரையில் கிடந்த மாலையை எடுத்தேன். ரேக்கின் கீழ்த்தட்டில் பின்னாளில் வரும் சாமானுக்காக ஒரு காலிப் பெட்டி இருந்தது. அதே ரெயில், அதே கைப்பிடி. எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லிவிட்டு, மாலையை அந்தக் கைப்பிடியில் மாட்டிக் கையை எடுத்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. உங்கள் முகத்தில் மறுபடி சிரிப்பு எட்டிப் பார்த்தது. "சின்னப் பொண்ணு, மேடம்..." என்று ஆரம்பித்தீர்கள். மாலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கைப்பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தலை சாய்ந்தது. பிறகு பெட்டி வந்தது, யாரும் தொடாமல், சாவகாசமாக, நீங்கள் ஆசைப்பட்டபடியே வழுக்கிக்கொண்டு வந்தது. நான் முழங்காலைக் கொடுத்து நிறுத்தினேன்.

மேனேஜர் அம்மா உங்களைப் பார்த்துக் கேட்டார்: "தண்ட தாகிந்தா?"

மாலை குடித்திருக்கிறதா என்று. அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. முனிரத்தினம் அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். நான் கூடப் போனேன். நீங்கள் வரவில்லை, ரேக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

சாயங்காலம் அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நாம் ஏறிய பஸ் சந்திரகிரியைத் தாண்டியது. கோட்டை மறைந்த பிறகு சொன்னீர்கள்: "நாலு பேர் முன்னாடி அப்பன் மானத்த வாங்கிட்டியே." அவர் கால் எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள் என்று நான் சித்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் காத்திருந்தேன். கேட்கவில்லை.

மேனேஜர் அம்மா ஆர்டரை ரத்து செய்யவில்லை. தாழ்ப்பாளை மாற்றச் சொன்னார், நான் வரைந்தபடி. டீ வட்டம் விழுந்த காகிதத்தை விட்டுவிட்டுப் புதிதாக வரைந்து கொடுத்தேன். அது போட்ட பிறகு அந்த அறையில் எந்தப் பெட்டியும் தானாக வரவில்லை. அதற்குப் பின் ரேக் வேலை பட்டறைக்குத் தொடர்ந்து வந்தது. நீங்கள் முதலில் "நம்ம டிசைன்" என்றீர்கள். சில மாதத்தில் அது "என் டிசைன்" ஆகிவிட்டது. சபைக் கூட்டத்தில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம்கூட, கம்ப்யூட்டரே உங்களைக் கேட்டுத்தான் அசைகிறது என்று அளந்தீர்கள். வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று உங்கள் சொந்த பீரோவின் கதவுகளுக்கும் அந்த ஜோடிப் பிடியைப் போட்டுக்கொண்டீர்கள். இரண்டையும் ஒன்றாகத் தூக்கித் திறந்து காட்டிவிட்டு, "எப்பிடி?" என்று கேட்பீர்கள். நான் காபி கொண்டுவந்து வைப்பேன்.

முனிரத்தினம் அண்ணன் கால் கட்டுப் பிரித்ததும் தடாவுக்குப் போய் வேறு வேலையில் சேர்ந்துகொண்டார். "திரும்பி வாண்ணா" என்று நான் போய்க் கூப்பிட்டேன். "வேலைக்கு இன்னாம்மா, எங்கயும் கிடைக்கும். குடிகாரன்னு சொன்னாரே, அத அவர் வாயால இல்லன்னு சொல்லட்டும், வரேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையை உங்களிடம் எத்தனை தரம் கேட்டிருப்பேன். சாப்பாட்டில் கேட்டேன், சபைக்குப் போகும் வழியில் கேட்டேன். ஒருமுறை அம்மாவே கேட்டாள். "பழச இன்னாத்துக்குக் கிளறிக்கினு" என்று கை கழுவ எழுந்துவிடுவீர்கள்.

பிறகு உங்களுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வலது கை மடியில் கிடந்தது. உங்கள் சட்டை, கண்ணாடி, வேதப் புத்தகம் எல்லாம் அந்த பீரோவுக்குள். ஒற்றைக் கையால் திறக்கவே முடியாத பீரோ. ஒவ்வொரு தடவையும் "பாப்பா" என்று கூப்பிடுவீர்கள். பட்டறையிலிருந்து வந்து திறந்து கொடுப்பேன்.

"மாத்திடட்டா நைனா? பழைய பிடியே போட்டுடறேன்."

"வேணாம்."

ஏன் வேண்டாம் என்று சொன்னீர்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. வீம்பாகத்தான் இருக்கும்.

ஒரு நாள் போதகர், சபையில் எல்லோரும் அய்யர் என்று கூப்பிடுகிறவர், உங்களைப் பார்க்க வந்தார். அவருக்கு வேதப் புத்தகம் எடுத்துத் தரச் சொன்னீர்கள். அவர் ஒரு பக்கத்துப் பிடியை மட்டும் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா மூப்பரே, தெறக்க வரலியே" என்றார். நான் காபியோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். உங்களுக்குத் தெரியாது.

குழறிய வாயால் சொன்னீர்கள்: "அது என் பொண்ணு போட்ட டிசைனு அய்யிரே. ஒத்தக் கைக்குத் தெறக்காது."

அத்தனை வருடத்தில் முதல் தடவை. அதுவும் குறையாக. காரியம் நன்றாக நடந்தவரை அது உங்கள் டிசைன். உங்கள் கைக்கு வராதபோது அது உங்கள் பெண்ணின் டிசைன். தம்பி பிற்பாடு, "நைனா பெருமையாத்தாங்க்கா சொல்லியிருக்கும்" என்றான். அவனுக்கு எல்லாரும் நல்லவர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. காபியைப் படியிலேயே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். இப்படி ஒரு மனிதர் வாயிலிருந்து விழுந்த ஒரு வார்த்தைக்கு அழுகிறோமே என்று என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அன்று சாயங்காலம் சூடு ஆறுவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று உங்கள் கட்டிலருகே உட்கார்ந்தேன். "நைனா, முனிரத்தினம் அண்ணன் அன்னைக்குக் குடிக்கலன்னு சொல்லிடு. நான் போய்ச் சொல்லிடறேன்" என்றேன். நல்ல பக்கத்தால் உடம்பைப் புரட்டிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டீர்கள். கெட்ட பக்கத்தை என்னிடம் விட்டுவிட்டீர்கள். அதோடு நான் கேட்பதை நிறுத்தினேன்.

உங்கள் அடக்கத்துக்கு அவர் தடாவிலிருந்து வந்தார். தாங்கித் தாங்கி நடந்து வந்தார். கையில் மாலை. சவப்பெட்டியை மூடியாயிற்று, மேலே பூ நிறைந்து இடமில்லை. பக்கவாட்டில் பளபளவென்று கைப்பிடிகள் இருந்தன. அவர் கைப்பிடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்கம்மா மாட்றது?"

"பிடியில மட்டும் வேணாண்ணா."

முதலில் அவர்தான் சிரித்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு பேரும் குலுங்கினோம். அழுகிறோம் என்று நினைத்துப் போதகர் எங்கள் இருவர் தோளையும் தட்டிக்கொடுத்தார். பிறகு சபையார் எல்லோரும் நிற்கும்போதே நான் உரக்கச் சொன்னேன்: "இவர் அன்னைக்குக் குடிக்கல. தப்பு எங்க நைனாவுது." யாருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது. விளங்க வேண்டியவருக்கு விளங்கியது. உங்கள் வாய் சொல்லியிருக்க வேண்டியது. மூடிய பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று என் வாய் சொன்னது.

பட்டறை இப்போது என் கையில். எந்தப் புதுத் தாழ்ப்பாளும் நனைத்த சாமந்தி மாலை ஒன்றை மாட்டிப் பார்க்காமல் வெளியே போகாது. வேலைக்காரர்கள் அதை 'மாலை டெஸ்ட்' என்கிறார்கள். ஏன் என்று புதியவர்கள் கேட்டால் சொல்லிக்கொடுக்கிறார்கள், உங்கள் பெயரோடு. வெளியூரில் எந்த வீட்டுக்குப் போனாலும் என் கை முதலில் கைப்பிடிக்குத்தான் போகிறது, எதற்குத் திறக்கும் என்று பார்க்க. இது நீங்கள் கொடுத்ததுதான். ஆசையாகக் கொடுக்கவில்லை, இருந்தாலும் கொடுத்தது நீங்கள்.

கண்ணாடி போட்டு வரும்வரை உங்கள் படத்தை எங்கே வைப்பது என்று தம்பி கேட்டான். உங்கள் பீரோவுக்குள்ளேயே வைத்தேன், வேதப் புத்தகத்தின் பக்கத்தில். கதவுகளைச் சாத்தினேன். பிடி இரண்டும் இறங்கி உட்கார்ந்தன. மாலை வீணாகப் போகிறதே என்று தம்பி அதைக் கதவுப் பிடியிலேயே தொங்கவிட்டான். நான் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

திறக்கவில்லை, நைனா. என் டிசைன்.